கூட்டுக் கையெழுத்து

பங்குப் பணியில் நாம் இட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை. ஞானஸ்நானச் சான்று, திருமணப் பதிவேடு, நன்னடத்தைக் கடிதம் எனக் கேட்டவர்க்கெல்லாம் தயங்காமல் எழுதிக் கொடுத்த கை இது. அக்கை இட்ட கையெழுத்தொன்று பல்லாண்டுகள் கழித்து நம்மையே தலைகுனிய வைத்தது. குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அதனை இங்கே சொல்கிறோம்.

2023-ஆம் ஆண்டில் ஒருநாள் நம் தம்பி நம்மைத் தேடி வந்தான். அவன் வீட்டிலிருக்கும் நம் தாயாருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் சிகிச்சை. பேருந்தில் அழைத்துச் செல்ல இயலாது. வாடகைக் காருக்குக் கொடுத்துக் கட்டுபடியாகவில்லை. 3,20,000 ரூபாய்க்குப் பழைய கார் ஒன்று விலைக்கு வந்திருந்தது. கடன் கேட்டதற்கு வங்கி மறுத்துவிட்டது.

"அண்ணே, என் சிபில் மதிப்பெண் சரியில்லையாம். உங்கள் பெயரையும் சேர்த்துக் கேட்டால் கிடைக்கலாம்" என்றான்.

தாயின் பொருட்டு மறுப்பேது? இருவர் பெயரிலும் விண்ணப்பித்தோம். நான்காம் நாள் வங்கி மேலாளர் நம்மைத் தனியே அழைத்தார்.

"மன்னிக்க வேண்டும் சாமி. தம்பியுடையதைவிட உங்கள் மதிப்பெண்தான் குறைவு" என்றார்.

கடன் வாங்கியே அறியாத நமக்கா இந்நிலை என்று திகைத்தோம். அறிக்கையைப் பார்த்த பின்னரே விளங்கிற்று. 2015-இல், முன்பு பணியாற்றிய பங்கில், ஓர் இளைஞனின் மோட்டார் சைக்கிள் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டிருந்தோம். அவன் சில தவணைகள் கட்டியபின் ஊரைவிட்டே போய்விட்டான். நமக்கு வந்த கடிதங்களோ பழைய முகவரிக்கே போயின. நற்சான்று தருவதாக எண்ணிக் கடனையே ஏற்றிருக்கிறோம்! ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவருக்குள்ள பொறுப்பே ஜாமீன்தாரருக்கும் உண்டு என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். கூட்டாகக் கடன் வாங்குவோரும் ஆளுக்குப் பாதி என்று நினைத்தல் தவறு. முழுத் தொகையையும் இருவரில் எவரிடமும் கேட்கலாம்.

மதிப்பெண் 300 முதல் 900 வரை. 750-க்கு மேலிருந்தால் வங்கிகள் பொதுவாக மகிழ்ந்து வரவேற்கும். இருவர் சேர்ந்தால் வருமானம் கூடும். ஆனால் எவருடைய பழைய பிழையும் மறைந்துவிடாது.

அன்று மாலை தம்பியின் வீட்டில் அறிக்கைகளை விரித்து வைத்தோம். அவனுடையதில் ஒரு கிரெடிட் கார்டு கடன். பாதியைக் கட்டினால் கணக்கு முடிந்தது என்று சொன்னதை நம்பிக் கட்டியிருந்தான். ஆனால் அது முழுமையாய் அடைந்த கடனாகப் பதிவாகாமல், 'செட்டில்டு' என்று, அதாவது குறைத்துக் கட்டித் தீர்த்ததாகவே பதிவாகியிருந்தது. செவிலியராய்ப் பணிபுரியும் அவன் மனைவி அப்போதுதான் அதனை அறிந்தாள்.

"கடன் கிடைக்காதது பெரிதல்ல, சாமி. ஐந்து வருடமாக என்னிடம் சொல்லவில்லையே" என்றாள். தம்பி தலைகுனிந்திருந்தான். நமக்கும் பேச்செழவில்லை.

மறுநாள் அவளே கணக்கெழுத உட்கார்ந்தாள். மோட்டார் சைக்கிள் கடனின் நிலுவையை நம் சேமிப்பிலிருந்து அடைத்தோம். தம்பி, தள்ளுபடியான மீதியையும் கட்டினான். கடன் நிலுவையில்லை என்னும் சான்றுகளைப் பெற்று, அறிக்கையில் திருத்தம் ஏறும்வரை காத்திருந்தோம். அந்த எட்டு மாதமும் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரே தாயாருக்குத் துணை.

பின்பு கணவனும் மனைவியுமாக விண்ணப்பித்தார்கள். விற்பவர் கேட்ட விலைக்கல்ல, வங்கி மதிப்பிட்ட விலைக்கே கடன் என்பதால், ஒரு இலட்சத்துக்குமேல் கையிலிருந்து போட்டார்கள். புதுக்காருக்குள்ளதைவிட வட்டி அதிகம். கடன் தீரும்வரை ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயரும் இருக்கும். தீர்ந்தபின் வங்கியின் ஆட்சேபமின்மைக் கடிதத்தோடு 35-ஆம் எண் படிவத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து அதனை நீக்கவேண்டும். இவற்றையெல்லாம் ஒவ்வொரு பக்கமாகப் படித்த பின்பே அவள் கையெழுத்திட்டாள்.

முதல்நாள் முன்னிருக்கையில் அமர்ந்த தாயார், "இது யார் வாங்கிய வண்டி?" என்று கேட்டார். "நாங்கள் இருவரும்" என்றாள் மருமகள். தம்பியின் கண்கள் கலங்கின.

அன்பர்களே, கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. ஒரே தாளில் இருவர் கையெழுத்திடுமுன் அவ்வறிக்கைகளை ஒருவருக்கொருவர் காட்டுங்கள். வங்கி கண்டுபிடிக்கப்போகும் உண்மையை, வீட்டில் நாமே முந்திச் சொல்லிவிடுவது நன்றன்றோ?