சல்லடைக்கு மேலே தங்கியவர்கள்

மாவு சலிக்கும் நம் தாய்மார்கள் சல்லடையின் மேல் தங்கும் கப்பியை வீசி எறிவதில்லை. அதை மீண்டும் இடித்து, மீண்டும் சலிப்பார்கள். சலித்தல் என்பது பிரித்தறிவதேயன்றி, இல்லையென்று ஆக்குவதன்று என்பது அவர்களுக்குத் தெரியும். கணிப்பொறி சலித்துத் தரும் அறிக்கையைக் கையில் வாங்கும்போது இந்தத் தெளிவு நமக்கு இருக்கிறதா?

பல பங்குகளின் குடும்பப் பதிவேடுகள் இன்று கணிப்பொறியில் ஏறிவிட்டன. ஒரு குடும்பத்திற்கு ஒரு பதிவு. அப்பதிவுகளை அன்பியவாரியாகத் தொகுத்தால் அவை குழுக்கள். செய்திகளை இவ்வாறு அட்டவணைகளாகச் சேமித்துக் கேள்வி கேட்டு எடுக்கும் முறைக்கு, 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் அடித்தளமிட்டார். அவ்வழியில் வந்த எஸ்.க்யூ.எல். மொழியில் இரண்டு சல்லடைகள் உண்டு. ‘வேர்’ என்னும் கட்டளை, தொகுப்பதற்கு முன்னே தனிப்பதிவுகளைச் சலிக்கும். ‘ஹேவிங்’ என்னும் கட்டளை, தொகுத்த பின்னர்க் குழுக்களைச் சலிக்கும். அறிக்கை தயாரிக்க உதவும் கிறிஸ்டல் ரிப்போர்ட்ஸ் மென்பொருளிலும் பதிவுத் தேர்வு, குழுத் தேர்வு என இவ்விரண்டும் தனித்தனியே உள்ளன.

எந்தச் சல்லடையை எடுப்பது என்பது சிறிய செய்தியன்று. ஓர் அன்பியத்தில் ஐந்து குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கின் மாத வருமானம் தலா 8,000 ரூபாய். ஐந்தாவதன் வருமானம் 40,000 ரூபாய். சராசரி 14,400 ரூபாய் ஆகிறது. ‘சராசரி 10,000 ரூபாய்க்குக் குறைந்த அன்பியங்கள்’ என்று குழுக்களைச் சலித்தால், அந்த அன்பியமே தாளில் வராது. ‘வருமானம் 10,000 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்கள்’ என்று பதிவுகளைச் சலித்தால், நான்கு குடும்பங்களும் வந்து நிற்கும். பதிவேடு ஒன்றே, கேள்விதான் வேறு. ஒரு மாடிவீட்டின் நிழலில் நான்கு ஓலைக் குடிசைகள் மறைந்துவிடுகின்றன.

எங்கள் பங்கில் பிள்ளைகளின் கல்வி உதவிக்காக இத்தகைய அறிக்கை ஒன்று தயாரானது. 10,000 ரூபாய்க்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களை எடுத்து, அத்தகையோர் ஐந்து பேருக்கு மேல் உள்ள அன்பியங்களை மட்டும் முதலில் காட்டும்படி பேரவை கேட்டிருந்தது. தாளில் மூன்று அன்பியங்கள் இருந்தன: 12, 9, 7. அடியில் மொத்தம் 31 என்றிருந்தது. பேரவைப் பொருளாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர்; எதையும் விரலால் கூட்டிப் பார்ப்பவர். “சாமி, கணக்கு இடிக்கிறதே. இருபத்தெட்டுதானே வருகிறது?” என்றார்.

மென்பொருள் பிழை செய்யவில்லை. கிறிஸ்டல் ரிப்போர்ட்ஸில் குழுத் தேர்வு குழுவைக் கண்ணுக்கு மறைக்கிறதே தவிர, பேரெண்ணிக்கையிலிருந்து அதை நீக்குவதில்லை. அச்சில் வந்தவற்றை மட்டும் கூட்ட வேண்டுமானால், ‘ரன்னிங் டோட்டல்’ என்னும் தொடர்கூட்டல் முறையைக் கையாள வேண்டும். அறிக்கை தயாரித்த இளைஞர் இதை விளக்கிவிட்டு, “இருபத்தெட்டு என்று வரும்படி மாற்றிவிடட்டுமா?” என்று கேட்டார். பொருளாளர், “வேண்டாம் தம்பி. அந்த மூன்று பேர் யார் என்று முதலில் பார்ப்போம்” என்றார். இரயில் பாதைக்கு அப்பால் உள்ள சிறிய அன்பியத்தின் மூன்று குடும்பங்கள் அவை. எண்ணிக்கை குறைவு என்பதால் குழு மறைந்தது. தேவை குறைவு என்பதாலன்று.

அத்துடன் அவர் நிற்கவில்லை. 10,000 ரூபாயும் அதற்கு மேலும் வருமானமுள்ள குடும்பங்களின் அறிக்கையையும் கேட்டு வாங்கினார். அதில் 162. இரண்டையும் கூட்டினால் 193. பதிவேட்டிலோ 200 குடும்பங்கள். எஞ்சிய ஏழு குடும்பங்களுக்கு வருமானம் என்ற கட்டம் நிரப்பப்படாமல் இருந்தது. வெற்றிடத்தை எந்த எண்ணோடு ஒப்பிட்டாலும் கணிப்பொறி ‘ஆம்’ என்றும் சொல்லாது, ‘இல்லை’ என்றும் சொல்லாது. ‘அறியப்படவில்லை’ என்றே கொள்ளும். ஆகவே வெற்றிடம் இரண்டு சல்லடைகளிலும் சேராமல் போகிறது.

வீடு தேடிச் சென்றபோது அந்த ஏழில் ஐந்து குடும்பங்கள் அன்றாடம் கூலிக்குச் செல்பவை என அறிந்தோம். மாத வருமானம் எவ்வளவு என்ற கேள்விக்கு எழுதத்தக்க பதில் அவர்களிடம் இல்லை. உதவி மிகவும் வேண்டியிருந்தவர்களே எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களாய் இருந்தனர்.

பட்டியல்களின்றி நிர்வாகம் நடவாது. சலிக்காமல் பட்டியலும் ஆகாது. ஆயினும், பட்டியலைக் கையில் வாங்கும் எவரும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். சலித்தது தொகுக்கும் முன்னா, தொகுத்த பின்னா? அடியில் உள்ள மொத்தம் யார் யாரை எண்ணியது? கட்டம் நிரப்பப்படாதவர்கள் எத்தனை பேர்? இப்போது எங்கள் பேரவைக் கூட்டத்தில் ஒவ்வோர் அறிக்கையோடும் இன்னொரு தாளும் வைக்கப்படுகிறது. விடுபட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். பொருளாளர் அதைத்தான் முதலில் வாசிக்கிறார்.