தட்டோடு ஓடும் ஓட்டமும் சாலையில் ஓடும் ஓட்டமும்



பழவேற்காட்டில் வளரும் பிள்ளை மீனைத் தொடாது என்று சொன்னால் வெளியூர் உறவினர்கள் சிரிக்கிறார்கள். இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி எங்கள் வாசலில் கிடக்கிறது. மடவை, கிழங்கான், கொடுவா, இறால், நண்டு என்று அல்லாஹ் அள்ளித் தந்திருக்கிறான். சென்னையில் பனிக்கட்டியில் வைத்து விற்பது எங்கள் அடுப்பில் துள்ளத் துள்ள வந்து விழுகிறது. எனினும் எங்கள் நான்கரை வயது மகளுக்குத் தயிர்ச்சோறும் அப்பளமும் போதும். இரண்டு வயது மகனோ இட்லியின் ஓரத்தை மட்டும் கிள்ளித் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறான்.

இதை எழுதும் நாங்கள் கணவனும் மனைவியும். கணவருக்கு நண்டும் இறாலும் ஏலத்தில் எடுத்துச் சென்னைக்கு அனுப்பும் வியாபாரம். மனைவி இல்லத்தை நடத்துவதோடு, மாலையில் தெருப்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறார். இரண்டாவது கர்ப்பத்தின்போது அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு அது இறங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கர்ப்பகாலத்தில் சர்க்கரை கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு நிலையாகவே வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று மருத்துவர் விளக்கினார். குழந்தை பிறந்து ஆறு வாரம் கழித்து ஒரு சோதனையும், அதன்பின் ஆண்டுதோறும் ஒரு சோதனையும் செய்யச் சொன்னார். உடலுக்கு நாள்தோறும் வேலை கொடுக்க வேண்டும் என்றார். இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள் என்று 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. நம் சமுதாயத்தில் எந்தத் தெருவிலும் இந்த நோயின் பெயர் தெரியாத வீடு இல்லை.

ஆகவே ஓடுவது என்று முடிவு செய்தோம். ஓடுவதற்குச் செலவு ஒரு சோடிக் காலணி மட்டுமே. நேரம்தான் கேள்வியாக நின்றது.

எங்கள் பக்கத்துத் தெருக்களில் உணவு வேளையில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு திண்ணையிலும் ஒரு தாயோ பாட்டியோ தட்டை ஏந்திக்கொண்டு பிள்ளையின் பின்னால் செல்வதைக் காணலாம். ஒரு வாய்க்குக் காக்கை, அடுத்த வாய்க்குக் கைப்பேசி, அதற்கடுத்த வாய்க்குப் பூச்சாண்டி. ஒரு வேளை உணவு ஊட்டி முடிய ஒரு மணி நேரம் ஆகிறது. மூன்று வேளைக்கு மூன்று மணி நேரம். இத்தனைக்கும் நடுவில், "பிள்ளை சோறு தின்னாமல் கிடக்கிறது, தாய் தெருவில் ஓடப்போகிறாளாம்" என்ற பேச்சும் எங்கள் காதில் விழுந்தது. பேசியவர்களிடம் எங்களுக்குக் கோபம் இல்லை. பிள்ளையின் பசியும் தாயின் உடல்நலமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று அவர்கள் நினைத்தார்கள். அது அப்படித்தானா என்று மார்க்கத்தில் தேடிப்பார்த்தோம்.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பாலூட்டும் தாயைப் பற்றிப் பேசுகிறது. அவளுக்கு உணவும் உடையும் அளிப்பது தந்தையின் கடமை என்று அது விதிக்கிறது. பிள்ளையை முன்னிட்டுத் தாய்க்கும் துன்பம் நேரக்கூடாது, தந்தைக்கும் துன்பம் நேரக்கூடாது என்றும் கூறுகிறது. பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து பேசி, இருவரும் மனமொத்துச் செய்யச் சொல்கிறது. குழந்தைக்கு உணவளிப்பது இருவரின் ஆலோசனைக்கு உரிய காரியம் என்பதை இதைவிடத் தெளிவாக எங்கே காண்பது?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலும் இதற்கு வெளிச்சம் இருக்கிறது. ஒருமுறை அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு இறைச்சி பரிமாறப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஹராம் இல்லை, எம் மக்களின் மண்ணில் இது இல்லாததால் எனக்கு மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் நபியவர்கள் பதில் கூறினார்கள். காலித் (ரலி) அவர்கள் அதே தட்டை இழுத்து வைத்து உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்கமில்லாத உணவை மனம் தள்ளுவது மனித இயல்பு என்பதும், தனக்குப் பிடிக்காததைப் பிறர் உண்பதை வெறுக்கத் தேவையில்லை என்பதும் இந்த ஒரே நிகழ்ச்சியில் அடங்கியிருக்கின்றன. தட்டில் கையை அலையவிட்ட சிறுவர் உமர் பின் அபீ ஸலமா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுக்கொடுத்தவை மூன்று: அல்லாஹ்வின் பெயர் சொல்வது, வலக்கையால் உண்பது, தன் அருகில் இருப்பதை உண்பது. உண்ணும் முறையை அவர்கள் கற்பித்தார்கள். உண்ணும் அளவைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

இன்றைய அறிவியலும் இதற்கு அருகில்தான் வந்து நிற்கிறது. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் 1980களில் ஒரு பங்கீட்டை முன்வைத்தார். எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பது பெற்றோரின் பொறுப்பு. எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. லீன் பர்ச் என்ற ஆய்வாளர் 1982இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுப் பிள்ளைகள் ஒரு புதிய உணவை எத்தனை முறை சுவைத்தார்களோ, அந்த அளவுக்கு அதை விரும்பத் தொடங்கினார்கள். இரண்டு ஐந்து முறைகளில் வராத விருப்பம் பத்து, பதினைந்து முறைகளில் வந்தது. 1984இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பரிசு காட்டிக் குடிக்கவைத்த பானத்தின் மீது பிள்ளைகளின் விருப்பம் குறைந்தது என்று காட்டியது. "இதைத் தின்றால் மிட்டாய்" என்று சொல்லும்போது, மிட்டாய்தான் மேலானது என்று பிள்ளைக்கு நாமே கற்பிக்கிறோம்.

இன்னோர் உண்மையையும் பெரியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பிறந்த எடையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எடையை ஒரு குழந்தை முதல் ஆண்டிலேயே அடைகிறது. இரண்டாம் ஆண்டில் அந்த வேகம் பெரிதும் தணிந்துவிடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயற்கை. ஒன்றரை வயதில், "முன்பெல்லாம் நன்றாகத் தின்றானே" என்று வீடே கவலைப்படுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இவற்றையெல்லாம் வைத்து எங்கள் இல்லத்தில் சில ஒழுங்குகளை வகுத்தோம். மூன்று வேளை உணவுக்கும் இரண்டு சிறுதீனிக்கும் நேரம் குறித்தோம். இடையில் பிஸ்கட்டும் பொட்டலத் தீனியும் கிடையாது, தண்ணீர் மட்டும் உண்டு. பாய் விரித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, எல்லோரும் ஒன்றாக அமர்வோம். கைப்பேசி வேறு அறையில் இருக்கும். பிள்ளையின் தட்டில் அது அறிந்த உணவு ஒன்று கட்டாயம் இருக்கும், அதன் அருகே விரல்நுனி அளவு புதியது ஒன்று இருக்கும். அரை மணி நேரத்தில் பாயைச் சுருட்டிவிடுவோம். மிஞ்சியதைக் குறித்து யாரும் எதுவும் சொல்வதில்லை. மிஞ்சுவது வீணாகக் கூடாது என்பதால் முதலிலேயே கொஞ்சமாக வைக்கிறோம், கேட்டால் மறுபடி வைக்கிறோம்.

மகளின் தட்டில் முள் நீக்கிய கிழங்கான் ஒரு துண்டு வாரத்துக்கு மூன்று முறை இருந்தது. முதல் மாதம் அதை ஓரமாகத் தள்ளினாள். பிறகு முகர்ந்து பார்த்தாள். ஒருநாள் நாக்கில் வைத்துத் துப்பினாள். மூன்று மாதம் சென்றபின் பாட்டியின் தட்டிலிருந்து சுறாப்புட்டை எடுத்துத் தின்றாள். இன்றும் நண்டைத் தொடுவதில்லை. அவள் தந்தை நண்டு வியாபாரி என்பதில் அவளுக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

விட்டுவிடுவது என்பது கவனிக்காமல் இருப்பது ஆகாது. மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பார்க்கிறோம், வளர்ச்சி அட்டையில் கோடு மேல்நோக்கிச் செல்கிறதா என்று பார்க்கிறோம். எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, ஒருவகை உணவை மொத்தமாக மறுத்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும். அத்தகைய பிள்ளைக்கு இந்தக் கட்டுரை போதாது.

இனி நேரத்தின் கணக்கு. ஒரு வேளைக்கு அரை மணி மிஞ்சினால் நாளொன்றுக்கு ஒன்றரை மணி, வாரத்துக்குப் பத்தரை மணி. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்குக் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு மட்டுமே. தட்டோடு ஓடும் ஓட்டத்தை நிறுத்தினால், சாலையில் ஓட வேண்டிய நேரம் அதற்குள்ளேயே கிடைத்துவிடுகிறது.

நேரம் இருந்தால் மட்டும் போதாது, அது எவருடைய நேரம் என்பதும் தெளிவாக வேண்டும். இதற்கான முறையை ஏரியிலிருந்தே எடுத்துக்கொண்டோம். கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள், ஏரியில் எவர் எங்கே எந்நாளில் வலை விரிப்பது என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். ஒருவருடைய பாட்டில் மற்றவர் வலை போடமாட்டார். அவ்வாறே வாரத்தில் மூன்று விடியற்காலைகள் மனைவியின் பாடு. அந்நாட்களில் பிள்ளைகள் விழித்தால் கணவர் எழுந்து பார்ப்பார், காலை உணவும் அவர் பரிமாறுவார். ஏலம் முன்கூட்டி நடக்கும் நாட்களில் மாமியார் அந்த இடத்தை ஏற்றுக்கொண்டார். தொடக்கத்தில் ஆட்சேபித்தவரும் அவரே. இப்போது பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டே பேரப்பிள்ளைகளின் பாயருகில் அமர்ந்திருக்கிறார். பிள்ளைகள் தின்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். ஆனால் வாய் திறப்பதில்லை.

ஃபஜ்ர் தொழுதபின், தளர்வான உடையும் முக்காடும் அணிந்து, பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கப் பக்கமாக மனைவி செல்கிறார். முதலில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. நான்கு மாதங்களில் நிற்காமல் மூன்று கிலோமீட்டர் ஓட முடிந்தது. கோடையில் ஆறரை மணிக்கே வெயில் அடித்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஓட்டம் திண்ணையில் உடற்பயிற்சியாகச் சுருங்கிவிடும். ரமலானில் இஃப்தாருக்குச் சற்று முன்பு நடை மட்டும். ஞாயிறு மாலையில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறோம். ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஓடியாடும் விளையாட்டு வேண்டும் என்று அதே நிறுவனம் 2019இல் கூறியிருக்கிறது. மணலில் ஓடிவிட்டு வரும் பிள்ளைகள் அன்றிரவு கேட்டு வாங்கி உண்கிறார்கள்.

பெண் ஓடலாமா என்று இன்னமும் கேட்கிறவர்களுக்கு இரண்டு நினைவூட்டல்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு இருமுறை ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதல்முறை அன்னை முந்தினார்கள், பிற்காலத்தில் நபியவர்கள் முந்தினார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். மற்றொன்று ஸயீ. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே சுமார் 450 மீட்டர். ஏழு முறைக்கு மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். தாகத்தில் துடித்த குழந்தைக்காக அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் ஓடிய ஓட்டம் அது. இன்று பச்சை விளக்குகளுக்கு இடையே விரைந்தோடும் ஆண்கள் அனைவரும் ஒரு தாயின் அடிச்சுவட்டில்தான் ஓடுகிறார்கள். அவர்கள் தம்மால் இயன்றதைச் செய்தார்கள், ஸம்ஸமை அல்லாஹ் தந்தான்.

பிள்ளையின் உடலும் அமானிதம், தாயின் உடலும் அமானிதம். நல்லுணவை நேரத்தோடு முன்வைப்பது நம் பங்கு. பசியைத் தருவதும் உணவை உடம்பில் சேர்ப்பதும் ரிஸ்க் அளிப்பவனின் பங்கு. இதை வாசிக்கும் கணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இவ்வாரம் ஒரு விடியலையேனும் உங்கள் மனைவியின் பாடாக விட்டுக்கொடுங்கள். பாயை நீங்கள் விரியுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உணவில் பரக்கத் செய்வாயாக. எங்கள் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், அவர்களை வளர்ப்போருக்கு வலிமையையும் பொறுமையையும் தந்தருள்வாயாக. ஆமீன்.