காலில் அடி... கடலில் பயணம்! வீல்சேரோடு சிங்கப்பூர் - பினாங்கு - புக்கெட்

வாசற்படியில் கால் பிசகி விழுந்தபோது, திருநெல்வேலியைச் சேர்ந்த அந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்குக் கப்பல் டிக்கெட் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகள் போட்ட டிக்கெட். சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும் ஜூன் மாதப் பயணம். இங்கேயோ கணுக்காலில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

"கேன்சல் பண்ணிருவோமாம்மா?" என்றார் மகள்.

"கட்டின துட்டு திரும்பக் கெடைக்குமா?"

முழுசாகக் கிடைக்காது. கிளம்பும் தேதி நெருங்க நெருங்க, பிடித்துக்கொள்ளும் தொகை ஏறிக்கொண்டே போகும். கட்டுப் பிரித்ததும், 'வாக்கர் வைத்து நாலடி நடக்கலாம், படி மட்டும் கூடாது' என்றார் டாக்டர். அது போதும் என்று கிளம்பிவிட்டார்கள்.

கப்பலில் முதல் சிக்கல் ரூம்தான். சாதாரண கேபின் கதவு ஒடுக்கமானது. பெரும்பாலும் வீல்சேர் நுழையாது. பாத்ரூம் வாசலில் தடுக்கும் மேடு வேறு. அகலக் கதவு, மேடில்லாத பாத்ரூம், பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார்ந்து குளிக்க இருக்கை என்று வீல்சேர்காரர்களுக்கான கேபின்கள் பெரிய கப்பல்களில் உண்டு. ஆனால், ஆயிரக்கணக்கானோர் போகும் கப்பலில் அவை கொஞ்சம்தான். அடிபட்ட மறுநாளே மகள் போன் போட்டுச் சொன்னதால் ஒன்று கிடைத்தது.

வீல்சேரையும் கையோடு கொண்டுபோக வேண்டும். ஏறவும் இறங்கவும்தான் கப்பலில் தருவார்கள். நாள் முழுக்க வைத்துக்கொள்ள முடியாது. மடக்கும் வீல்சேராக இருந்தால் நல்லது. ராத்திரி காரிடாரில் நிறுத்த விடமாட்டார்கள், தீப்பிடித்தால் வழியை மறிக்கும்.

சிங்கப்பூர் மெரினா பே துறைமுக முனையம் விமான நிலையம் மாதிரிதான். லிஃப்ட், சாய்தளம் என்று சிரமமே இல்லை. கப்பலுக்குள்ளும் அப்படியே. ஈரமான டெக்கில் வாக்கர் வழுக்கும் என்பது மட்டும் பயம். ஆபத்து நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்த முடியாது என்பதால், அப்போது யார் வந்து அழைத்துப்போவார்கள் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டார்கள். இதை எல்லோருமே கேட்க வேண்டும்.

பினாங்கில் கப்பல் ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது. ஸ்வெட்டன்ஹாம் துறையை விட்டு வெளியே வந்தால் எதிரே 60 அடி உயர மணிக்கூண்டு. விக்டோரியா ராணியின் 60 ஆண்டு ஆட்சிக்கு, ஆண்டுக்கு ஓர் அடி! கொஞ்ச தூரத்தில் லிட்டில் இந்தியா. பூக்கடை, மசாலா வாசம், தமிழ்ப் பாட்டு. தெருவோரக் கடைகளின் முன்னால் 'ஐந்தடி' என்று அழைக்கப்படும் கூரை போட்ட நடைபாதை அழகுதான். ஆனால், கடைக்குக் கடை தரை உயரம் மாறும். வீல்சேர் நடுரோட்டுக்குத்தான் இறங்க வேண்டும், வெயிலிலும் வண்டிகளுக்கு நடுவிலும். குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் கோபுரத்தைத் தெருவிலிருந்தே கும்பிட்டாயிற்று. திரும்பும்போது கடல் மட்டம் மாறி, கப்பலில் ஏறும் பலகை காலையில் இருந்ததைவிடச் செங்குத்தாகியிருந்தது. ஊழியர்கள் இருவர் சேர்ந்துதான் தள்ளினார்கள்.

புக்கெட்டில்தான் அடி விழுந்தது. அங்கே கப்பல் கரைக்கே போகவில்லை. பாட்டோங் கடற்கரைக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, சின்னப் படகில் ஆட்களைக் கரை சேர்க்கிறார்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் படகு நன்றாகவே ஆடும். தானாக ஓரிரு படி எடுத்துவைக்க முடியாதவர்களை ஏற்றமாட்டோம் என்றார் ஊழியர், பணிவாக. நியாயம்தான். படகுக்கும் கப்பலுக்கும் நடுவே கால் மாட்டினால் என்ன ஆகும்? ஆனால், டிக்கெட் எடுக்கும்போதே இதைப் பெரிய எழுத்தில் சொல்லியிருக்கலாம். பயணத் திட்டத்தில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் 'டெண்டர்' என்று ஒற்றைச் சொல்தான் இருந்தது. அதன் அர்த்தம் இவர்களுக்கு எப்படித் தெரியும்?

"நானும் இருக்கேம்மா" என்றார் மகள்.

"பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போ. என்னைக் காவல் காக்கவா இவ்வளவு செலவு பண்ணி வந்தே?"

எல்லோரும் போனபின் கப்பல் காலி. எப்போதும் காக்கவைக்கும் லிஃப்ட் பட்டனைத் தொட்டதும் வந்தது. மேல் டெக்கில் ஒரு டீயோடு, தூரத்தில் பச்சை மலையும் மணல் கோடுமாகத் தெரிந்த பாட்டோங்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் அழுதார் என்று பிறகு மகளிடம் சொன்னாராம்.

சாயங்காலம் படகில் திரும்பிய பேரன் நேராக வந்து மடியில் சாய்ந்தான். "ஆச்சி, படகு ஆடின ஆட்டத்துல ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டேன்."

கடற்கரை எப்படி இருந்தது என்று ஆச்சி கேட்கவே இல்லை.