யாரால் கிளம்ப முடியும்?

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் நம் எல்லோர் மனதிலும் ஒரே உருவம்தான் வரும். 22 வயது, இரண்டு பெரிய பெட்டிகள், கல்விக் கடன், நள்ளிரவு விமானம், வழியனுப்ப வந்த குடும்பம். அந்த உருவத்துக்குக் குழந்தை இருக்காது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியார் இருக்க மாட்டார். இரண்டு வாரம் லீவு போட்டால் வாடகை கட்ட முடியாமல் போகும் என்கிற வேலையும் இருக்காது.

நான் அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் சர்வதேசக் கல்வி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரியை நடத்துகிறவர்கள் இதே உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு திட்டம் போடுவதை, மேசையின் ஓரத்தில் குறிப்பெடுத்தபடி பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன்.

கம்யூனிட்டி காலேஜ் என்பதை நம் ஊர் கலைக் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் சேர்ந்தது என்று சொல்லலாம். இரண்டாண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம். பள்ளி முடித்தவர் யார் வந்தாலும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். இங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம். நர்சிங், வெல்டிங், அக்கவுண்ட்ஸ் என்று ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டும் வெளியேறலாம். அரசுக் கல்லூரிகளில் இந்த வகையில் மூத்தது 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்று 1947இல் சொன்ன பிறகு கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயரும் பரவியது. இன்று நாடு முழுக்க ஆயிரத்தைத் தொட்டு நிற்கின்றன. மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் ஏராளம்.

நான் இங்கே வந்தது கணவரின் வேலை விசாவைத் தொற்றிக்கொண்டு, ஹெச்-4 விசாவில். படிக்கலாம், வேலை செய்யக் கூடாது. என் எம்.எஸ்சி. சான்றிதழ் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த ஒரே கல்லூரி இதுதான் என்பதால் ஒரு பாடத்தில் சேர்ந்தேன், பிறகு இன்னொன்றில். 2015இல் ஹெச்-4 விசாவில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது. அதுவும் கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான். என் வேலைக்கான அனுமதிகூட அவருடைய ஃபைலுக்குள்தான் இருந்தது. அந்த அனுமதியோடுதான் இந்த அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன்.

எனக்காவது படிக்க முடிந்தது. மாணவர் விசாவில் வந்தவரின் மனைவிக்கு, அதாவது எஃப்-2 விசாவில் இருப்பவருக்கு, அதே 2015 வரை பொழுதுபோக்கு வகுப்புகளுக்கு மட்டுமே அனுமதி. பட்டத்துக்கான பாடத்தில் அவர் சேர முடியாது. பிறகுதான் பகுதி நேரமாகப் படிக்கலாம் என்று விதி மாறியது. கணவன் வந்தால் கல்லூரி அவனைச் சர்வதேச மாணவன் என்று எண்ணிக்கொள்ளும். கூடவே வந்த பெண்ணை எந்தக் கணக்கிலும் எழுதாது.

கல்லூரித் தலைவர்கள் சர்வதேசக் கல்வியை விரிவாக்கப் பாடுபடுவதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். இதற்காகவே கம்யூனிட்டி காலேஜ்கள் ஒன்றுசேர்ந்து 1976இல் சிசிஐடி என்ற கூட்டமைப்பை உருவாக்கின. அவர்களுடைய வாதம் நியாயமானதுதான்: வெளிநாட்டு அனுபவம் பணக்காரப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன்? சொந்த மாவட்டத்தைத் தாண்டாத நர்ஸ் ஒருவர், நாளை இருபது நாட்டு நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கப் போகிறாரே? இதோடு சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. வெளிநாட்டு மாணவர் உள்ளூர்க்காரரைவிட இரண்டு மூன்று மடங்கு கட்டணம் கட்டுகிறார். அரசு தரும் பணம் சுருங்கும்போது அந்தக் கட்டணம்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே வேலை இரண்டு திசைகளில் நடக்கிறது: அங்கிருந்து இங்கே ஆட்களைக் கொண்டுவருவது, இங்கிருந்து அங்கே அனுப்புவது. கொண்டுவருவதற்குக் கல்விக் கண்காட்சிகள், ஏஜெண்டுகள், பயணப்படி எல்லாம் உண்டு. அனுப்புவதற்கு இருப்பது பெரும்பாலும் ஒரு நோட்டீஸ் மட்டும்தான்.

எங்கள் கல்லூரியில் அப்படி ஒட்டிய கோஸ்டா ரிக்கா நோட்டீஸைக் கிழித்துக் கையிலேயே கொண்டுவந்தார் ஒரு மாணவி. நாற்பதை நெருங்கும் வயது. பகலில் நர்சிங்குக்கு முந்தைய பாடங்கள், இரவில் முதியோர் இல்லத்தில் வேலை. தனியாக வளர்க்கும் இரண்டு பிள்ளைகள்.

“டிக்கெட்டுக்கு உதவித்தொகை தருவதாகப் போட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். நான் இல்லாத மூன்று வாரம் பிள்ளைகளை யார் பள்ளிக்கூடத்தில் விடுவது? அந்த மாத வாடகையை யார் கட்டுவது?”

விண்ணப்பப் படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். உணவு ஒவ்வாமை உண்டா என்று கேட்டிருந்தார்கள். நீச்சல் தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை. அந்த வருடம் போதிய ஆட்கள் சேராமல் பயணம் ரத்தானது. அறிக்கையில் காரணம் ஒரே வரியில் இருந்தது: ‘மாணவர்களிடம் ஆர்வம் குறைவு.’

ஆர்வம் குறைவு! நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வந்த பெண்ணுக்கா?

இந்த இடத்தில் என்னிடம் எப்போதும் ஒரு புள்ளிவிவரம் காட்டப்படும். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். உண்மைதான். “பெண்கள்தானே அதிகம் போகிறார்கள், இதில் உங்களுக்கு என்ன பிரச்சினை?” என்பார்கள். எந்தப் பெண்கள் என்பதுதான் என் பிரச்சினை. அப்படிப் போகிறவர்களில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்கள் நூற்றில் மூன்று பேர்கூட இல்லை. இந்த நாட்டில் இளநிலை படிப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் குழந்தை வளர்த்துக்கொண்டே படித்தார்கள் என்கிறது 2015–16ஆம் ஆண்டுக் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். பெண்கள் போகிறார்கள், அம்மாக்கள் போவதில்லை. கிளம்பத் தடையாக இருப்பது பாலினம் மட்டுமல்ல. பராமரிப்பு வேலை யார் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்பதும்தான்.

சிலருக்குக் காகிதமே சுவர். சிறு வயதில் ஆவணமின்றி அழைத்துவரப்பட்டு, 2012இல் வந்த டாகா திட்டத்தின் தயவில் இங்கே படிப்பவர்கள் இருக்கிறார்கள். முன் அனுமதி வாங்காமல் எல்லையைத் தாண்டினால் திரும்பி வரும் வழி மூடிக்கொள்ளும். அவர்களிடம் போய் ‘உலகம் உன்னை அழைக்கிறது’ என்று போஸ்டர் காட்டுவதைக் கொடூரம் என்றுதான் சொல்வேன்.

ஒருமுறை வேறு மாநிலத்தில் நடந்த மாநாட்டுக்கு என்னை மூன்று நாள் அனுப்பினார்கள். அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி: “ஏம்மா, மூணு நாளா? புள்ளைய யாரு பாத்துக்கிறா?” மாநாட்டு விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரும் சிரித்த முகத்தோடு அதையே ஆங்கிலத்தில் கேட்டார். என் கணவர் மாதக்கணக்கில் சியாட்டிலில் வேலை பார்த்தபோது இந்தக் கேள்வியை இரண்டு நாட்டிலும் ஒருவரும் கேட்கவில்லை. கும்பகோணத்துக்கும் அமெரிக்காவுக்கும் இந்த விஷயத்தில் தூரமே இல்லை.

ஊர் திரும்பியதும் ஒரு பக்கத்தில் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கல்லூரித் தலைவரிடம் கொடுத்தேன். ஒன்று, பயணம் பத்து நாளைத் தாண்டக் கூடாது, பள்ளிக்கூட விடுமுறையோடு பொருந்த வேண்டும். இரண்டு, இழக்கும் சம்பளத்துக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும். மூன்று, பயண விளக்கக் கூட்டத்தை மதியம் 2 மணிக்கு வைக்காமல் மாலையில் வைக்க வேண்டும், குழந்தைகளும் வரலாம் என்று நோட்டீஸில் போட வேண்டும்.

தலைவர் ஒரு பெண். தனி ஆளாகப் பிள்ளை வளர்த்தவர். மூன்றாவது கோரிக்கைக்கு உடனே சரி என்றார். நிதி அதிகாரி இரண்டாவதில் நின்றுவிட்டார். “குழந்தை பார்த்துக்கொள்வது கல்விச் செலவு ஆகாது.”

கண்காட்சிக்குப் போகிறவரின் ஹோட்டல் அறையும் டாக்ஸியும் கல்விச் செலவு ஆகும்போது இது ஏன் ஆகாது என்று கேட்டேன். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. கடைசியில் கல்லூரியின் நன்கொடை நிதியிலிருந்து ஒரு வருடத்துக்கு மட்டும், சோதனை முயற்சியாக, பாதித் தொகை வந்தது. ஒன்பது பேர் போனார்கள். நான்கு பேர் அம்மாக்கள். அறிக்கையில் ‘ஆர்வம் குறைவு’ என்ற வரி அந்த வருடம் இல்லை.

நோட்டீஸைக் கிழித்து வந்த பெண் அந்த நால்வரில் ஒருவர் அல்ல. பயணத்துக்கு முந்தைய வாரம் அவருடைய மகனுக்கு மூச்சுத் திணறல் வந்தது. பத்து நாளும் பாதித் தொகையும் அவர் வீட்டுக்குப் போதவில்லை.

அவருக்குக் கிடைத்தது கோயில். நம் ஊர்க் கோயில் இல்லை. இரண்டு நாட்டு வகுப்புகளை இணையத்தில் இணைத்து, மாணவர்களைச் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யவைக்கும் முறையின் பெயர்ச் சுருக்கம். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006இல் இதற்காக ஒரு மையம் தொடங்கியது. செலவு குறைவு என்பதால் இன்று கம்யூனிட்டி காலேஜ் தலைவர்களுக்கு இது மிகவும் பிடித்த வழி. மெக்சிகோவில் நர்சிங் படிக்கும் பெண்களோடு சேர்ந்து, பிரசவத்துக்குப் பிறகு வீட்டில் தரப்படும் கவனிப்பைப் பற்றி எங்கள் மாணவி ஒரு கையேடு தயாரித்தார். இரவு 10 மணிக்கு, சமையலறை மேசையில், மகனைப் பக்கத்தில் தூங்கவைத்துக்கொண்டு. நல்ல கையேடு.

இது எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டதாகத் தலைவர்கள் மேடையில் சொல்கிறார்கள். எனக்கு ஒரு பயம் இருக்கிறது. கிளம்ப முடிந்தவர்களுக்கு விமானம், முடியாதவர்களுக்குத் திரை என்று இது நிரந்தரமாகிவிடக் கூடாது. அந்த மாணவியிடமே கேட்டேன். “திரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்கள் வீட்டுச் சமையல் வாசனை திரையில் வராதே. எனக்கு இரண்டும் வேண்டும்” என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வளாகத்தின் பின்கட்டடத்தில் மாலை 6 மணிக்கு ஆங்கில வகுப்பு நடக்கிறது. குவாத்தமாலாவிலிருந்து வந்தவர், எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர், காபூலில் டாக்டராக இருந்துவிட்டு இங்கே நர்சிங் உதவியாளர் பயிற்சிக்குக் காத்திருப்பவர். கிட்டத்தட்ட எல்லாரும் பெண்கள். இவர்களை வயதுவந்தோர் கல்வி என்ற தலைப்பில் எழுதிவைத்திருக்கிறோம். சர்வதேசக் கல்வி என்ற தலைப்பில் இவர்கள் வருவதே இல்லை. மூன்று மடங்கு கட்டணம் கட்டாதவர்களுக்குச் சர்வதேசம் என்ற பட்டம் கிடைப்பதில்லை போலிருக்கிறது.

அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு நான் எழுதியிருக்கும் கோரிக்கைகள் இரண்டு. காபூல் டாக்டர் எங்கள் நர்சிங் வகுப்பில் பாடம் எடுக்க வேண்டும், அதற்குச் சம்பளம் தரப்பட வேண்டும். குழந்தைப் பராமரிப்பு என்ற வரி, நன்கொடைக் கணக்கிலிருந்து வெளியே வந்து, டிக்கெட், விசா, காப்பீடு ஆகியவற்றுக்கு அடுத்து, கல்லூரியின் சொந்த பட்ஜெட்டில் நிரந்தரமாக உட்கார வேண்டும். ஒப்புதல் இன்னும் வரவில்லை. வரும்வரை எல்லாக் கூட்டத்திலும் அந்த வரியை வாய்விட்டுப் படிக்கப்போகிறேன்.