செங்கல் களம்

மோட்டார் பந்தயம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது காற்றாய்ப் பறக்கும் வண்டியும், அதை ஓட்டும் தீரனுந்தான். வண்டிக்குக் கீழே தரை என்று ஒன்று இருக்கிறதே, அதை யார் நினைக்கிறார்கள்? தரையின் மகிமையை அறிய விரும்புவோர் அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்தைச் சேர்ந்த இண்டியானாபோலிஸ் நகருக்குப் போகவேண்டும்.

அங்கே 2½ மைல் சுற்றளவுள்ள பந்தயப் பாதை ஒன்று இருக்கிறது. 1909-ம் ஆண்டில், அதுவரை வயலாயிருந்த நிலத்தில் கார்ல் பிஷர் என்பவரும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் அதை அமைத்தார்கள். சுமார் 500 ஆட்களும் 300 கோவேறு கழுதைகளும் நீராவி யந்திரங்களும் வேலை செய்தன. சரளையைப் பரப்பி, அதன்மேல் உடைத்த சுண்ணாம்புக் கல்லைக் கொட்டி, தாரும் எண்ணெயும் கலந்த குழம்பை ஊற்றி, உருளைகளால் அழுத்தினார்கள். பார்வைக்குப் பாதை அழகாகத்தான் இருந்தது.

அந்த ஆகஸ்டு மாதத்தில் மோட்டார் வண்டிகள் ஓடியபோதுதான் அதன் சுயரூபம் தெரிந்தது. சக்கரங்கள் பட்டுச் சல்லி பெயர்ந்தது. கற்கள் தெறித்து ஓட்டுகிறவர்களின் கண்ணாடிகளை உடைத்தன. பாதையில் பள்ளங்கள் விழுந்தன. மூன்று நாளில் ஐந்து உயிர்கள் போயின. ஓட்டியவர் ஒருவர், உடன் சென்ற மெக்கானிக்குகள் இருவர்; பாவம், வேடிக்கை பார்க்க வந்தவர்களிலும் இருவர்!

பிறகுதான் செங்கல் பாவ முடிவு செய்தார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9½ ராத்தல் எடையுள்ள 32 லட்சம் செங்கற்கள் வந்து சேர்ந்தன. மணலை மெத்தை போல் விரித்து, ஒவ்வொரு கல்லையும் கையால் வைத்து, மட்டம் பார்த்து, இடுக்குகளில் சாந்தை நிரப்பினார்கள். 63 நாளில் வேலை முடிந்தது. 1911-ல் அந்தச் செங்கல் தரையில்தான் புகழ்பெற்ற 500 மைல் பந்தயம் முதன்முதலாக நடந்தது. “செங்கல் களம்” என்ற செல்லப் பெயரும் நிலைத்துவிட்டது.

காலப்போக்கில் செங்கல்லும் மேடு பள்ளமாயிற்று. 1930-களில் வளைவுகளில் தொடங்கிச் சிறிது சிறிதாகத் தார் போட்டார்கள். இக்காலத்துச் சாதனங்களோ விநோதமானவை. வைரத்தூள் பதித்த வட்ட ரம்பங்களை வரிசையாகக் கோத்த ஒரு யந்திரம் தார்த்தரையைச் சீவிச் சமன் செய்கிறது. மழை பெய்தால், ஆகாய விமானத்து ஜெட் என்ஜினை வண்டியில் ஏற்றி, அதன் அனற்காற்றைத் தரைமீது ஊதுகிறார்கள். 2024-ல் சுமார் நான்கு மணி நேரம் பந்தயத்தை நிறுத்திவைத்த மழைக்குப் பின்னும், பாதையை உலர்த்தி அன்றே ஓட்டி முடித்தார்கள்.

இத்தனை யந்திரங்கள் இருந்தும் தரையை அலட்சியம் செய்வதற்கில்லை. 2005-ல் அங்கே நடந்த பார்முலா ஒன் பந்தயத்தில், சாய்வான ஒரு வளைவைத் தங்கள் டயர்கள் தாங்கும் என்று உறுதி கூற அவற்றைச் செய்த கம்பெனியால் முடியவில்லை. 20 வண்டிகளில் 14 விலகிக்கொள்ள, மீதி ஆறே ஓடின.

1961-ல் எஞ்சிய செங்கற்களையும் தார் மூடியபோது, பந்தயம் தொடங்கி முடியும் கோட்டில் மட்டும் ஒரு கஜ அகலத்துக்குச் செங்கல்லை விட்டுவைத்தார்கள். 1996 முதல், வென்றவர்கள் அங்கே மண்டியிட்டு அந்தக் கற்களை முத்தமிடுவது வழக்கமாகியிருக்கிறது. வெயிலில் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாய் வைத்த தொழிலாளிகளின் பெயரை அந்தக் கோட்டில் யாரும் எழுதிவைக்கவில்லை. அவர்களுக்குச் சேரவேண்டிய மரியாதையும் அந்த முத்தத்தில் இருக்கிறது.