ஒப்புக்கொண்டால் முடிந்ததா?

தொலைக்காட்சியில் வரும் குற்றத் தொடர்களுக்கு எழுதப்படாத ஓர் இலக்கணம் உண்டு. முதலில் ஒரு பிணம். இடையில் நான்கைந்து பேர்மீது ஐயம். இறுதியில் கன்னத்தில் ஓர் அறை, கண்ணீரோடு ஓர் ஒப்புதல். 1998 தொடங்கி 2018 வரை இருபது ஆண்டுகள் ஓடி, 2024 இறுதியில் மீண்டும் வந்த ‘சி.ஐ.டி.’ என்னும் இந்தித் தொடர் இந்த இலக்கணத்தை நாடெங்கும் பழக்கிற்று. குற்றவாளி வாய் திறந்ததும் கதை முடிகிறது. நாமும் நிம்மதியாக உறங்கப் போகிறோம்.

விழுப்புரத்தில் வசிக்கும் நான் மாதம் ஒருமுறை திண்டிவனத்திலுள்ள அக்கா வீட்டிற்குச் செல்வதுண்டு. அத்தான் நீதிமன்ற எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒருநாள் மாலை வீட்டார் அனைவரும் இத்தகைய தொடர் ஒன்றில் ஆழ்ந்திருந்தோம். ஆய்வாளரின் அடி தாங்காமல் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். குழந்தைகள் கைதட்டினார்கள். அத்தான் மட்டும், “தம்பி, இவன் சொன்னது கோர்ட்டில் நிற்காது” என்றார்.

அவர் கூறியது சட்டம். காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்திற்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதை 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே விதித்திருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதனைக் காக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். ஆனால் அந்த நடுவருக்கு நம் தொடர்களில் இடமே இல்லை. அவர் வந்தால் கதையின் வேகம் குறைந்துவிடும் அல்லவா?

பேசிக்கொண்டிருக்கையில் அக்காவின் பேரன் சன்னல் வழியே தெருவைக் காட்டி, “தாத்தா, அந்த ஆளைப் பாருங்க, திருடன் மாதிரியே இருக்கான்” என்றான். அரிசி ஆலையில் வேலை முடித்துக் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்த ஓர் இருளர் அவர். திருடனுக்கு இன்ன நிறம், இன்ன உடை, இன்ன நடை என்று அந்தச் சிறுவனுக்குக் கற்பித்தவர் யார்?

இது விளையாட்டுப் பேச்சன்று. எங்கோ திருட்டு நடந்தால் இருளர் குடியிருப்பைத் தேடிக் காவல்துறை வருவதும், செய்யாத குற்றத்தை அவர்கள்மேல் சுமத்துவதும் இப்பகுதியின் நெடுநாள் துயரம். அதை எதிர்த்துத்தான் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முதலியோர் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டி எழுப்பினர்.

1993-இல், அன்றைய தென்னார்க்காட்டின் முதனை கிராமத்தைச் சேர்ந்த இராசாக்கண்ணு, திருட்டு ஐயத்தின்பேரில் பிடித்துச் செல்லப்பட்டு, காவலில் இருந்தபோது அடியால் இறந்தார். அவர் தப்பியோடிவிட்டதாகக் கூறப்பட்டது. அவருடைய மனைவி பார்வதியும், பின்னாளில் நீதிபதியான வழக்கறிஞர் சந்துருவும் உயர் நீதிமன்றத்தில் போராடி உண்மையை வெளிக்கொணர்ந்தனர். குறவர் சமூகத்தவரான அவரை இருளராக மாற்றி, த. செ. ஞானவேல் 2021-இல் ‘ஜெய் பீம்’ படத்தை எடுத்தார். திரையரங்கிற்கு வராமல் நேரே வீடுகளுக்கு வந்த படம் அது.

தொடரில் நாம் கைதட்டிய அதே அடிதான் அந்தப் படத்திலும் விழுகிறது. அங்கே நாம் கண்ணீர் விட்டோம். அடிப்பவன் பக்கம் நின்ற கேமரா அடிபடுபவன் பக்கம் நகர்ந்தது. நம் மனமும் அதனோடு நகர்ந்தது. அப்படியானால் நம் நீதியுணர்வு நம்முடையதா, கேமராவினுடையதா?

தொடர்களைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதிரை அவிழ்ப்பதில் இன்பம் உண்டு. ஆனால் ஒருவன் அடிவாங்கி ஒப்புக்கொள்ளும்போது, ‘வேறு சான்று என்ன?’ என்று உடனிருக்கும் குழந்தையிடம் ஒரு சொல் கேட்போம். அக்கேள்வியோடு வளரும் பிள்ளை, நாளை தெருவில் செல்லும் ஏழையின் முகத்தில் திருடனைத் தேட மாட்டான்.