எதிராளி தேவை

விரல் உயரப் பொம்மைச் சிப்பாயின் கண்ணால் தி. நகரைப் பார்த்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நானும் என் நண்பனும் பார்த்திருக்கிறோம். மொட்டை மாடித் தட்டோட்டில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செருப்பு டப்பாவுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் எதிரியின் தலை தெரிகிறதா என்று பார்ப்போம். தெரிந்தால் சுடலாம், தெரியாவிட்டால் கூடாது. விதி அவ்வளவுதான். தெரிகிறதா இல்லையா என்பதில்தான் முக்கால்வாசி சாயங்காலங்கள் போயின.

“தெரியுதுடா, தலை தெரியுது.”

“அது தலை இல்ல, ஆன்டெனா.”

“ஆன்டெனா உடம்புல சேராதா?”

“உன் சட்டைக் காலர்ல குண்டு பட்டா நீ செத்துடுவியா?”

வடகம் எடுக்க மேலே வரும் அவன் பாட்டி, தட்டும் கையுமாக எங்கள் இரண்டு படைகளையும் தாண்டிப் போவார். “சாப்ட்டுட்டு வந்து மிச்சச் சண்டையைப் போடுங்கடா” என்பார். எங்களுக்குக் கிடைத்த ஒரே நடுவர் அவர்தான். தீர்ப்பு மட்டும் சொல்லமாட்டார்.

தொண்ணூறுகளில் இது ஜி.ஐ. ஜோ பொம்மைகளில் ஆரம்பித்தது. அவற்றை இங்கே தயாரித்து விற்ற ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப். குழுமத்தின் சென்னைக் கம்பெனி. 1987இல் தொழில் தொடங்கியது. அமெரிக்க ஹாஸ்ப்ரோவின் அச்சுகளில் வார்த்தாலும் நிறத்தில் அவர்கள் தம் இஷ்டம்போல் நடந்துகொண்டார்கள். அந்த நிற மாறாட்டத்துக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றைக்கு அந்தப் பொம்மைகளைத் தேடி அலைகிறார்கள். பொம்மையின் இடுப்புக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது இற்றுப்போனால் வீரன் இரண்டு துண்டு. எங்கள் படையில் பாதிப் பேர் போரில் விழவில்லை, ரப்பரில்தான் விழுந்தார்கள்.

தட்டோடு ஒன்பது அங்குலச் சதுரம் என்பது எங்களுக்குப் பெரிய வசதி. ஒரு முறைக்கு இரண்டு ஓடு நடக்கலாம், மூன்று ஓட்டுக்குள் இருப்பவனைச் சுடலாம். லூடோ டைஸில் நான்குக்கு மேல் விழுந்தால் அடி பட்டது. தண்ணீர்த் தொட்டி தாய்க்கப்பல். அவன் படைத்தலைவனுக்குத் துணையாக ஒரு பிளாஸ்டிக் நாய் உண்டு. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைப் படித்த வீட்டில் அதற்கு ஜீனோ என்றல்லாமல் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அந்த நாயை நான் சுட்டதே இல்லை. சுட வாய்ப்பு வந்தபோதெல்லாம் ‘தெரியவில்லை’ என்று நானே சொல்லிவிடுவேன்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு மூத்த பாட்டனார் உண்டு. செவ்வாய்க் கிரகத்தாரை லண்டன்மேல் படையெடுக்க வைத்த அதே எச்.ஜி. வெல்ஸ், 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு விதிப் புத்தகம் போட்டார். வயது வந்த மனிதர்கள் தரையில் தவழ்ந்து, சுருள்வில் பீரங்கியால் பொம்மைச் சிப்பாய்களைக் குறிபார்த்து அடிக்கிற ஆட்டம் அது. அறிவியல் புனைகதையும் பொம்மைப் போரும் ஒரே வீட்டில் பிறந்தவை என்பது எனக்கு இன்றும் பெருமை. பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் இரண்டையும் சேர்த்து ‘வார்ஹேமர் 40,000’ கொண்டுவந்ததும் 1987இல்தான்.

கல்லூரிக் காலத்தில் நண்பனின் அக்கா லண்டனிலிருந்து அதில் ஒரு பெட்டி வாங்கி வந்தார். உள்ளே பொம்மை இல்லை. சாம்பல் நிறச் சட்டத்தில் கை, கால், தலை, துப்பாக்கி எல்லாம் தனித்தனியே கிடந்தன. வெட்டி, உரசி, ஒட்டி, வண்ணம் தீட்ட வேண்டும். முதல் பூச்சுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வண்டிக்கு அடிக்கிற ஸ்ப்ரே. சென்னை ஈரக்காற்றில் சாயங்காலம் அடித்தால் சொரசொரவென்று பூத்துவிடும், உச்சி வெயிலில்தான் அடிக்க வேண்டும். அதே ஸ்ப்ரே தெர்மக்கோலில் பட்டால் தெர்மக்கோல் கரைந்து குழிவிழும். குண்டு விழுந்த கட்டடத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? உஸ்மான் ரோடு கடைகள் வெளியே போடும் ஃப்ரிட்ஜ் பேக்கிங்கெல்லாம் எங்கள் கையில் பாழடைந்த நகரமாகியது. வெளிநாட்டு விதிகள் அங்குலக் கணக்கில் இருந்ததால், ஜாக்கெட் தைக்கிற டெய்லரிடம் பழைய இன்ச் டேப் ஒன்றைக் கேட்டு வாங்கினோம்.

எங்கள் போர்களுக்காக நண்பன் எழுதிய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏரி வற்றிப்போன கோள் ஒன்றில் சேற்றடியில் புதைந்த எந்திரத்தைத் தேடும் இரண்டு கும்பல்களின் கதை. கற்பனை பாதிதான். தி. நகரே 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர். நாங்கள் படுத்துக் குறிபார்த்த வீட்டுக்குக் கீழே ஒருகாலத்தில் தண்ணீர் நின்றது.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்துக் கட்டியாயிற்று. புது மாடியில் தட்டோடு இல்லை, சோலார் பலகை இருக்கிறது. பாட்டியும் இல்லை. அவன் கனடாவில். இறக்குமதிப் பொம்மைக்கான சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. ஆனால் பொம்மை பிரச்சினை இல்லை. வீட்டிலேயே 3டி பிரின்டரில் அச்சிட்டுக்கொள்கிறார்கள். எதிராளிதான் இல்லை.

இரண்டு பேரும் விழித்திருக்கிற நேரம் ஒத்துவந்தால் ‘டேப்லெட்டாப் சிமுலேட்டர்’ என்ற கணினி மேசையில் ஆடுகிறோம். தூரத்தை அதுவே தசமப் புள்ளியோடு அளந்து சொல்கிறது. பார்க்க வேண்டுமென்றால் கேமராவைச் சிப்பாயின் தோளருகே இறக்கிவிடலாம். எனக்குத் தெரிவதுதான் அவனுக்கும் தெரிகிறது. “சரி, தெரியுது” என்று இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிறோம். ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எனக்கு அலுப்பாக இருக்கிறது. அவனுக்கும் அப்படித்தான் இருக்கும், சொல்லமாட்டான். எங்களுக்குச் சண்டை போட ஏதுமில்லாமல் செய்த அந்த நிரலை நான் மன்னிக்கத் தயாரில்லை.

மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். ‘கிரிம்டார்க் ஃபியூச்சர்: ஃபயர்ஃபைட்’ விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆறு அங்குலம் நடை, பன்னிரண்டு அங்குலம் ஓட்டம், நான்கு சுற்று. மதியச் சாப்பாட்டுக்குள் கற்றுக்கொள்ளலாம். பொம்மை, டைஸ், இன்ச் டேப் என்னிடம் இருக்கின்றன. தரையில் படுக்க முட்டி ஒத்துழைத்தால் போதும். ஆன்டெனா உடம்பில் சேராது என்பவராக இருந்தால் இன்னும் நல்லது.